ஜனவரி வசூலை வருமானம் என்று நம்பும் ஜிம்காரர்களுக்கு

சென்னையில் புதிதாக ஜிம் போட்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

வணக்கம். அயனாவரத்தில் ஒரு மாடியில் சின்னதாக ஜிம் நடத்துகிறேன். வீட்டு நகையை அடகு வைத்து, பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்து 2018-ல் ஆரம்பித்தது. எனக்கு பிளேட் தூக்கத் தெரியும், கணக்கு தெரியாது. அதற்கான தண்டம் 2020-ல் கட்டினேன்.

அந்த ஜனவரியில் புத்தாண்டு ஆஃபர் என்று போர்டு வைத்தேன். வருஷத்துக்கு 9,000 ரூபாய். பொங்கலுக்குள் 60 பேர் சேர்ந்தார்கள், கையில் 5,40,000. அவ்வளவு பணத்தை மொத்தமாகப் பார்த்ததே அப்போதுதான். மறுவாரமே டிரெட்மில் வந்தது, கேபிள் மெஷின் வந்தது, சுவர் முழுக்கக் கண்ணாடி வந்தது. மார்ச்சில் ஊரடங்கும் வந்தது. ஆகஸ்ட் 10-ம் தேதி ஜிம்களைத் திறக்க அரசு அனுமதித்தபோது, முதலில் படியேறியவர்கள் அந்த அறுபது பேரில் பாதிப்பேர். "மாஸ்டர், மூடியிருந்த மாசத்தையெல்லாம் சேர்த்துக் குடுங்க" என்றார்கள். கேட்டதில் தப்பில்லை, கொடுத்தேன். ஜிம்மில் ஆள் இருந்தது, கல்லாவில் காசு இல்லை. வாடகையும் ஈ.பி. பில்லும் வட்டிக்கு வாங்கிய பணத்தில் போயின.

ரொம்ப நாள் எல்லாவற்றுக்கும் கொரோனாவையே திட்டிக்கொண்டிருந்தேன். பழைய கணக்கு நோட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது: 2019 ஆடியிலும் இதே கதை, தொகைதான் சின்னது.

40 பேர் ஒரு வருஷத்துக்கு ஆளுக்கு 12,000 கட்டினால் 4,80,000. அதில் இந்த மாதம் நம்முடையது 40,000 மட்டும். மிச்சம் 4,40,000-ம் நாம் இன்னும் செய்யாத வேலைக்கு வாங்கிய கடன். நான் இப்போது வருஷ பேக்கேஜ் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, ஒன்றாம் தேதி பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் எடுக்கிறேன். மெஷின் ஆசை வந்தால் அந்தப் பங்கில் மிஞ்சுவதில்தான். மூன்று மாத பேக்கேஜையே முன்னால் வைத்துப் பேசுகிறேன். தையில் நெருக்கியடித்த கூட்டம் பங்குனியில் பாதியாகிவிடும் என்பது உங்களுக்கும் தெரியும். வராதவர் பணத்தில்தான் ஜிம் பிழைக்கிறது என்று சிலர் பெருமையாகவே சொல்கிறார்கள். வராதவர் அடுத்த வருஷம் புதுப்பிக்க மாட்டார், தெருவில் நம்மைப் பற்றி நல்லதும் சொல்ல மாட்டார்.

வரியையும் மறக்காதீர்கள். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கு 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள் என்று எல்லோரும் குதித்தோம். ஆனால் மெஷினுக்கும் வாடகைக்கும் நாம் கட்டுகிற வரியை இதில் கழித்துக்கொள்ள முடியாது. அதையும் செலவோடு சேர்த்துத்தான் விலை வைக்க வேண்டும். முன்பணம் வாங்கினால் வாங்கும்போதே அதற்கு வரி உண்டு. ஆக, ஜனவரி வசூலில் அரசாங்கத்தின் பங்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பக்கத்துத் தெருவில் பெரிய பிராண்ட் ஏ.சி. போட்டுத் திறந்தால் கட்டணத்தை வெட்டாதீர்கள். ஒருமுறை வெட்டினேன். புதிதாக வந்தவர்கள் அதைவிடக் குறைத்த இடத்துக்குப் போனார்கள், பழையவர்கள் "இத்தனை நாள் ஏன் மாஸ்டர் அதிகமா வாங்கினீங்க?" என்றார்கள். பதில் இல்லை.

ட்ரெய்னர் விஷயமும் ஒன்று. என்னிடம் இருந்த பையன் ஒரு நாள் கிளம்பினான், கூடவே பர்சனல் ட்ரெய்னிங் எடுத்த 11 பேரும் கிளம்பினார்கள். அவன்மேல் எனக்கு இப்போது கோபமில்லை. அந்தப் பதினோரு பேரின் முழங்கால் வலியும் சர்க்கரை அளவும் அவனுக்குத்தான் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. இப்போது மெம்பர் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை இருக்கிறது, மாதம் ஒருமுறை நானே உட்கார்ந்து பேசி எழுதுகிறேன்.

நோட்டு எப்படிப் போடுவது என்று பார்க்க ஆசைப்பட்டால் மதியம் பன்னிரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் வாருங்கள். அந்த நேரத்தில் என் ஜிம்மிலும் யாரும் இருக்க மாட்டார்கள்.

அன்புடன்,
அயனாவரத்திலிருந்து ஒரு மாஸ்டர்