ஆலிவரின் அந்த மூன்று சுற்றுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஜாஸ் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் ஜாஸ்காரர்கள் ஒரு முறை வாசித்ததை மறுமுறை வாசிக்கவே மாட்டார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறதே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கார்னெட் (ட்ரம்பெட் மாதிரியான ஊதுகுழல்) வாசித்த அமெரிக்கர் ஜோ 'கிங்' ஆலிவரின் 'டிப்பர்மவுத் ப்ளூஸ்' என்ற உருப்படி ஒன்று போதும் அதை மறுக்க.

1923 ஏப்ரலில் இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில், ஜெனட் ரெக்கார்டு கம்பெனிக்காகப் பதிவானது அது. மைக் எல்லாம் கிடையாது, பெரிய புனல் ஒன்றின் முன்னால் கூட்டமாக நின்று வாசிக்க வேண்டும். ஆலிவரின் குழுவில் இரண்டாவது கார்னெட் யார் தெரியுமா, இளைஞரான லூயி ஆம்ஸ்ட்ராங். அகப்பை வாயன் என்ற அர்த்தத்தில் ஆம்ஸ்ட்ராங்குக்கு வைத்த பட்டப்பெயர்தான் 'டிப்பர்மவுத்'.

பாட்டின் எலும்புக்கூடு ரொம்ப எளிது. சுற்றுக்கு 12 பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி), பாருக்கு நாலு அடி. 'ச'வில் நிற்கிற கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) நடுவில் 'ம'வுக்குப் போய்த் திரும்பும், கடைசி நாலு பாரில் 'ப'வைத் தொட்டுவிட்டு மறுபடி 'ச'வுக்கு வந்துவிடும், அவ்வளவுதான். நாலு பார் முன்னுரை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து இரண்டு சுற்று, அப்புறம் மற்றவர்கள் நிறுத்தி நிறுத்தி அடிக்க ஜானி டாட்ஸின் கிளாரினெட் இரண்டு சுற்று, திரும்ப எல்லோரும் ஒரு சுற்று. அதற்குப் பிறகுதான் ஆலிவர் வருகிறார். கார்னெட்டின் வாயை மூடித் திறந்து 'வா-வா' என்று அழவைத்துக்கொண்டு மூன்று சுற்று. வேகமாக விரல் ஓட்டுகிற வித்தை எதுவும் இல்லை. நம் கணக்கில் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் வழுக்குகிற ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். முடியும்போது பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வைத்திருந்த பில் ஜான்சன் "ஓ, ப்ளே தட் திங்!" (அதை வாசியப்பா!) என்று கத்துவார்.

அந்த மூன்று சுற்றைத்தான் பின்னால் வந்த கார்னெட்காரர்களும் ட்ரம்பெட்காரர்களும் மனப்பாடம் செய்தார்கள். 1925இல் இசைக்குழுத் தலைவர் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் நியூயார்க்கில் இதே உருப்படியை 'சுகர் ஃபுட் ஸ்டாம்ப்' என்று பதிவு செய்தபோது, அப்போது அவர் குழுவில் இருந்த ஆம்ஸ்ட்ராங் தன் குருவின் சுற்றுகளைக் கிட்டத்தட்ட அப்படியே வாசித்தார். நினைத்திருந்தால் சொந்தமாக ஏதாவது போட்டிருக்க மாட்டாரா அவர்? கற்பனையாகப் பிறந்தது உருப்படியின் அங்கமாகவே ஆகிவிட்டது. ஏன், ஜான்சன் போட்ட கத்தலைக்கூட விடாமல் கத்தியவர்கள் உண்டு!

ஆலிவருக்குக் கடைசியில் ஈறு நோய் வந்து, ஊதவே முடியாமல் போனது. சவானா நகரத்தில் பில்லியர்ட்ஸ் கூடம் ஒன்றைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவர் 1938இல் இறந்தார். கட்டுரையில் இதற்கு ஒரு வரி இடம் கொடுத்திருக்கலாம் என்று எனக்கு வருத்தம்.

சரி, நான் சொல்வதை நம்ப வேண்டாம். 1923 ஜூனில் 'ஓகே' என்ற இன்னொரு ரெக்கார்டு கம்பெனிக்கும் ஆலிவர் இதையே வாசித்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, அந்த மூன்று சுற்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
பழைய ரெக்கார்டு பைத்தியம் பிடித்த ஒரு வாசகன்