கடைசி அடியில் பெயர் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் வங்கதேசப் பயணக் கட்டுரையில், சில்ஹெட் பஸ்ஸில் கேட்ட 'காடி சொலே நா' (வண்டி ஓடவில்லை) பாட்டை "யார் எழுதியதோ தெரியாத நாட்டுப்பாடல்" என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். பக்கத்து சீட்காரரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எழுதியவர் வங்கதேசத்து நாட்டுப்புறக் கவிஞர் ஷா அப்துல் கரீம். 1916இல் பிறந்து 2009இல் காலமானவர். சங்க காலத்து ஆள் மாதிரி பெயர் தொலைந்துபோக என்ன அவசரம்?

நான் நாமக்கல் லாரிப் பட்டறையில் தொழில் பழகி, சில்ஹெட் பக்கம் ஓர் ஆலையில் ஏழு வருஷம் வண்டிகளைப் பார்த்துக்கொண்டவன். அங்கே டிரைவர்கள் இதைப் பாடும்போது, கடைசி அடியில் 'அப்துல் கரீம்' என்று வந்ததும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைப்பார்கள். நம் கீர்த்தனைகளில் வரும் முத்திரை போல, இயற்றியவர் பெயர் பாட்டுக்குள்ளேயே இருக்கும். தாங்கள் அறியாததா?

மனித உடம்பைத்தான் ஓடாத வண்டி என்கிறார் கரீம். 'கண்டம்' ஆன, அதாவது இனி ஓடாது என்று ஒதுக்கிவிட்ட வண்டியை வைத்துக்கொண்டு இனி என்ன செய்ய என்று அதே கடைசி அடியில் கேட்கிறார். எங்கள் பட்டறையிலும் அதே சொல்தான் சார். முதல்முறை அர்த்தம் புரிந்தபோது ஸ்பேனரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

சுனாம்கஞ்சில் காளனி ஆற்றங்கரைக்காரர் அவர். மழைக்காலத்தில் வயலெல்லாம் கடலாகிவிடும், அடுத்த ஊருக்குப் படகில்தான் போக வேண்டும். சிறுவயதில் ஊரார் மாடு மேய்த்தவர். இரவுப் பள்ளிக்குப் போனதே எட்டு நாள்தான். ஆனாலும் பாட்டுப் புத்தகங்கள் போட்டார். 2001இல் அந்த நாட்டு அரசு ஏகுஷே பதக் விருது கொடுத்தது.

இன்னொன்று. இரண்டு வருஷம் முன்பு வங்காளத்து ஞானப் பாடகர் லாலன் ஃபகீரைத் தாகூரின் சீடர் என்று எழுதினீர்கள். 1890இல் லாலன் இறந்தபோது தாகூருக்கு வயது 29. லாலன் பாட்டுகளைத் தேடி எடுத்து அச்சில் போட்டவரே தாகூர்தான். யார் யாருக்குச் சீடர் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதற்கும் கடிதம் எழுதினேன், வரவில்லை. இடப் பற்றாக்குறையாக இருந்திருக்கும், சரி. ராசிபலன் மட்டும் அந்த இதழில் நான்கு பக்கம்.

அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், அந்தப் பாட்டு ஷா அப்துல் கரீமுடையது என்று ஒரு வரி போடுங்கள். என் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
நாமக்கல்.