நசுங்கிய மாஸ்க்கைத் தட்டி நிமிர்த்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பள்ளி மாணவிகள் வாள்வீச்சு ஆடும் படம் ஒன்று வந்திருந்தது. வலப்பக்கம் நிற்கும் சிறுமி ஒரு கையில் வாளை நீட்டியிருக்கிறாள். இன்னொரு கையால் தான் போட்டிருக்கும் கம்பிவலை மாஸ்க்கைத் தாடைப் பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பார்க்கிறவர்களுக்கு அது ஆட்டத்தில் ஒரு நிலை மாதிரி தெரியலாம். அது நிலை இல்லை ஐயா. மாஸ்க் அவளுக்குப் பெரிது, தலையில் நிற்கவில்லை. என் மகளும் இதே மாதிரி இடது கையால் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டி முழுக்க ஆடியிருக்கிறாள். அதற்குக் காரணம் நான். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கொரட்டூரில் டிங்கரிங், பெயிண்டிங் ஷெட் வைத்திருக்கிறேன். இடிபட்ட காரின் தகட்டைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுப்பதுதான் இருபத்திரண்டு வருடமாகப் பிழைப்பு. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னைப் பெண் பவானி தேவி முதல் ஆட்டத்தில் துனீசியா வீராங்கனையை 15-3 என்று ஜெயித்ததை என் மகள் டிவியில் பார்த்தாள். அடுத்த ஆட்டத்தில் பிரான்ஸ் வீராங்கனையிடம் 7-15 என்று தோற்றதையும் பார்த்தாள். இந்தியாவிலிருந்து ஒலிம்பிக்கில் வாள் பிடித்த முதல் ஆள் அவர்தான். மறுநாளே மகள் விளக்குமாற்றுக் குச்சியை எடுத்துக்கொண்டு வீட்டில் ஆட ஆரம்பித்துவிட்டாள். அடுத்த வருடம் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்துவிட்டேன்.

முதல் ஆறு மாதம் மையத்தில் கிடக்கும் மாஸ்க்கையே போட்டுக்கொண்டாள். சாக்குப்பையில் பத்துப் பன்னிரண்டு இருக்கும், வருகிற பிள்ளைகள் கைக்கு வந்ததை எடுத்துக்கொள்வார்கள். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, ஆட்டத்தை விட்டுவிட்ட ஒரு பெரிய பையனிடமிருந்து பழைய மாஸ்க் ஒன்றை எழுநூறு ரூபாய்க்கு வாங்கினேன். இடது கன்னப் பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு உள்ளே நசுங்கியிருந்தது. எனக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. உள்பக்கம் டாலி என்கிற இரும்புக் கட்டையைக் கொடுத்து, வெளியிலிருந்து சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி வளைவைக் கொண்டுவந்தேன். அங்கங்கே கறுப்புப் பூச்சு உதிர்ந்திருந்தது. கழுத்துத் துணியை மறைத்துவிட்டு ஸ்ப்ரே அடித்தேன். புதுசு மாதிரி ஆகிவிட்டது. மகளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்று மாதம் அதைப் போட்டுப் பயிற்சி எடுத்தாள். அப்புறம் ஒரு பெரிய போட்டி. அங்கே ஆடுவதற்கு முன்னால் வெப்பன் கன்ட்ரோல் என்று ஒரு மேசை இருக்கிறது. வாள், மின்கம்பி, மாஸ்க் எல்லாவற்றையும் சோதித்து முத்திரை வைத்தால்தான் உள்ளே விடுவார்கள். மேசையில் இருந்த பெரியவர் கையில் பஞ்ச் என்கிற, ஸ்பிரிங் வைத்த ஒரு குத்துக்கருவி. முனை கூம்பு மாதிரி இருக்கும், பன்னிரண்டு கிலோ அழுத்தத்துக்கு அமைத்தது. மாஸ்க்கை மடியில் வைத்து நெற்றிப் பக்கம் ஒரு அழுத்து, ஒன்றும் ஆகவில்லை. வலது கன்னம், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் விரலால் வலை முழுக்கத் தடவிப் பார்த்தார். இடது கன்னத்தில் விரல் நின்றது. அந்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினார். சடக் என்று ஒரு சின்னச் சத்தம். இரண்டு கம்பி விலகி, கூம்பு உள்ளே போய் நின்றது. என் மகளின் கண்ணுக்கு இரண்டு விரற்கடை கீழே வருகிற இடம் அது.

"யாருங்க இதைத் தட்டினது?" என்று மட்டும் கேட்டார்.

தகட்டை ஒரு முறை மடக்கி நிமிர்த்தினால் அந்த மடிப்பு இறுகிவிடும், அடுத்த அடியில் வெடிக்கும். இது என் ஷெட்டில் வேலை கற்க வருகிற பையனுக்கு முதல் மாதத்திலேயே நான் சொல்லிக்கொடுப்பது. வலைக்கம்பியும் இரும்புதானே. இரண்டு கம்பிக்கு நடுவில் இருக்கும் வலைக்கண் 2.1 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, கம்பி ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையக்கூடாது என்பது உலக வாள்வீச்சுச் சம்மேளனமான எஃப்ஐஇ வைத்திருக்கும் கணக்கு. நான் தட்டியதில் கம்பியும் பலம் இழந்து, கண்ணும் விரிந்துவிட்டது. அதை என் பெயிண்டே மறைத்துவிட்டது. பழைய கார் வாங்க வருகிறவர்களிடம் "பெயிண்டைப் பார்த்து ஏமாறாதீங்க" என்று சொல்கிறவன் நான். பெற்ற பிள்ளையின் முகத்துக்கு நேராக அதையே செய்திருக்கிறேன். அதற்கப்புறம் பல நாள் சரியாகத் தூக்கமே இல்லை.

அன்றைக்கு இன்னொரு பெண்ணின் மாஸ்க்கைக் கடன் வாங்கித்தான் ஆடினாள். பெரிய அளவு. குனிந்தால் கண்ணை மறைத்தது. ஒவ்வொரு பாயிண்டுக்கும் இடது கையால் தூக்கிவிட்டாள். தோற்றதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

வாள் முனை மொட்டையாகத்தானே இருக்கிறது, இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. நானும் கேட்டிருக்கிறேன். பயிற்சியாளர் எனக்குச் சொன்னது 1982ஆம் வருடக் கதை. சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயில் என்கிற வாள் வகையில் தனிநபர் தங்கம் வாங்கியவர். ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பேர் என்பவரோடு ஆடுகிறார். இருவரும் பாய்ந்து வருகையில் பேரின் வாள் உடைகிறது. உடைந்த அலகு ஸ்மிர்னோவின் மாஸ்க்கைத் துளைத்துக் கண் வழியாக மூளைக்குப் போய்விட்டது. சில நாளில் அவர் இறந்துபோனார். மொட்டை முனை இருக்கும்வரை அது விளையாட்டு வாள். உடைந்த அடுத்த நொடி அது ஈட்டி. மாஸ்க்கும் உடையும் வாளின் எஃகும் இன்றைக்கு இவ்வளவு பலமாக வருவதற்கு அந்தச் சாவு ஒரு பெரிய காரணம்.

அன்றிலிருந்து மாஸ்க் விஷயத்தில் நான் விசாரித்தும் தொட்டுப் பார்த்தும் தெரிந்துகொண்டதை மற்ற பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். நிறைய பேருக்கு முதல் தவறே எந்த ஆயுதம் என்று கேட்காமல் வாங்குவதுதான். ஃபாயில், எப்பே, சேபர் என்று மூன்று இருக்கின்றன, மூன்றுக்கும் மாஸ்க் வேறு. பவானி தேவி ஆடுவது சேபர். வாள் பட்டதை மின்சாரத்தை வைத்துத்தான் பாயிண்டாகக் கணக்கிடுகிறார்கள். சேபரில் தலையில் பட்டாலும் பாயிண்ட் என்பதால் மாஸ்க் முழுக்க மின்சாரம் பாய வேண்டும், பூச்சு இல்லாமல் வெள்ளி நிறத்தில் மின்னும். டிவியில் அதைப் பார்த்துவிட்டு, ஃபாயில் ஆடும் பிள்ளைக்கு சேபர் மாஸ்க் வாங்கிய ஒரு தாயைப் பார்த்திருக்கிறேன். போட்டியில் அதைப் போட விடமாட்டார்கள். ஃபாயிலில் நடு உடம்புதான் இலக்கு, தலை கிடையாது. அதனால் வலைக்கு மின்சாரம் போகாத பூச்சு இருக்க வேண்டும். கழுத்தை மூடும் துணியை பிப் என்கிறார்கள், அதன் கீழ்ப்பகுதி மட்டும் மின்கடத்தும் துணியாக இருக்கும். எப்பேயில் முகம் உட்பட உடம்பு முழுக்க இலக்குதான் என்றாலும் மாஸ்க்கில் மின்கடத்தும் துணி எங்கேயும் கிடையாது. பாயிண்ட் காட்டும் மின்பெட்டி இல்லாமல் பயிற்சி மட்டும் எடுக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு மூன்றுக்கும் பொதுவான சாதா மாஸ்க் போதும்.

அடுத்தது நியூட்டன் கணக்கு. 350, 1600 என்று எழுதியிருக்கும். 1600 என்றால் மாஸ்க் முழுவதற்கும் அந்தப் பலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தொண்டையை மூடும் பிப் துணி தாங்கும் அழுத்தம். 350 என்பது சுமார் 36 கிலோ பாரம் ஒரு முனையில் இறங்கினால் தாங்குவது, 1600 என்பது சுமார் 163 கிலோ. எஃப்ஐஇ முத்திரை உள்ள மாஸ்க்கில் பிப் 1600, வலையும் அதற்கேற்ற பலமான எஃகு. உலகப் போட்டிகளுக்கு அதுதான் வேண்டும். பத்து வயதுப் பிள்ளை வாரம் மூன்று நாள் பயிற்சிக்குப் போகிறது என்றால் 350 முத்திரை உள்ள புது மாஸ்க்கே போதும் என்பது என் எண்ணம். பழைய 1600ஐ விட புது 350 மேல். எந்தப் போட்டிக்கு எது கேட்பார்கள் என்று பயிற்சியாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். லேபிள் இல்லாத மாஸ்க் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் முகப்பு வைத்த பழைய மாஸ்க்குகள் சில இடங்களில் இன்னும் கிடக்கின்றன. ஃபாயிலுக்கும் எப்பேவுக்கும் அதை எஃப்ஐஇ விலக்கிவிட்டது, சும்மா கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

அளவு எடுப்பதைத் தயவுசெய்து கவனமாகச் செய்யுங்கள். தொப்பிக்கு எடுக்கிற மாதிரி நெற்றியைச் சுற்றி எடுப்பது இல்லை. தாடைக்கு அடியில் டேப்பை வைத்து, காதுக்கு முன்பக்கமாக ஏற்றி, உச்சந்தலையைத் தாண்டி மறுபக்கம் இறக்கித் தாடைக்கே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் அளவு அட்டவணை வேறு, ஒன்றில் ஸ்மால் என்பது இன்னொன்றில் எக்ஸ்ட்ரா ஸ்மால். பெண் பிள்ளைகளுக்கு ஆடும்போது எப்படித் தலை பின்னுவார்களோ அப்படிப் பின்னிவிட்டு அளவு எடுக்க வேண்டும். உச்சியில் கொண்டை போட்டால் மாஸ்க் எழும்பி நிற்கும். என் மகளுக்கு இப்போது பின்னலைக் கழுத்தோடு தாழ்த்திப் போட்டு ஜாக்கெட்டுக்குள் விட்டுவிடுகிறோம். கண்ணாடி போடும் பிள்ளை என்றால் கண்ணாடியோடே போட்டுப் பார்க்க வேண்டும்.

போட்ட பிறகு தாடை உள்ளே இருக்கும் மெத்தையில் நன்றாக உட்கார வேண்டும், மூக்கு வலையில் படக்கூடாது. பின்மண்டையைப் பிடிக்க சில மாஸ்க்கில் நாக்கு மாதிரி ஒரு தகடு இருக்கும், சிலவற்றில் அகலமான எலாஸ்டிக் பட்டை. தகட்டைக் கையால் வளைத்துத் தலைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம், வலையில்தான் கை வைக்கக்கூடாது. தகடு இருந்தாலும் கூடவே ஒட்டும் பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். அப்புறம் பிள்ளையைத் தலையை வேகமாக இடமும் வலமும் ஆட்டச் சொல்லுங்கள், குனியச் சொல்லுங்கள். நீங்களே முன்பக்கம் வலையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். தலையோடு வர வேண்டும், தலையை விட்டு வரக்கூடாது. வளர்கிற பிள்ளை, இரண்டு வருடம் வரட்டும் என்று பள்ளிக்கூடச் சட்டை மாதிரி ஒரு அளவு கூட்டி வாங்குகிறோமே, அதை இதில் செய்யவே கூடாது. அந்தப் படத்தில் இருந்த சிறுமிக்கும் யாரோ அப்படித்தான் வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது மகளிடம் இருப்பது நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய புது மாஸ்க். நம்ம ஊர் வேர்வைக்கு ஈரத்தோடு பைக்குள் போட்டு மூடினால் ஒரே மாதத்தில் துரு பிடித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் மின்விசிறிக்கு அடியில் கவிழ்த்து வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இருவரும் வலையைப் பார்ப்போம், எங்கேயாவது கண் பெரிதாகத் தெரிகிறதா, பள்ளம் விழுந்திருக்கிறதா, பிப் தையல் விட்டிருக்கிறதா என்று. எங்கேயாவது பள்ளம் தெரிந்தால் அந்த மாஸ்க்கை ஓரமாக வைத்துவிட்டுப் பயிற்சியாளரிடம் காட்டுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

பள்ளிகளுக்கும் சிறிய போட்டிகளை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நான் போன சிறிய போட்டிகள் எதிலும் மாஸ்க்கைச் சோதிக்கும் அந்த ஸ்பிரிங் பஞ்சைப் பார்த்ததில்லை. ஒரு மாவட்டத்துக்கு ஒன்று இருந்தாலே போதும், மாறி மாறி எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாஸ்க்கைச் சோதிக்க அரை நிமிடம்கூட ஆகாது. சாக்குப்பையில் இருக்கும் பொது மாஸ்க்குகளையும் அளவுவாரியாகப் பிரித்து, பின்பக்கம் பெரிதாக அளவை எழுதி வையுங்கள். எட்டாம் வகுப்புப் பையனின் மாஸ்க்கை மூன்றாம் வகுப்புக் குழந்தை எடுத்துப் போட்டுக்கொள்வது அதிலேயே பாதி நின்றுவிடும்.

அந்தப் பழைய மாஸ்க்கை ஷெட்டில் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். ஒரு நாள் காயலான் கடைக்காரர் வந்தபோது எடுத்துக் கொடுக்கப் போனேன். கையில் எடுத்ததும் தோன்றியது, வெளியில் பார்க்க அது இன்னும் நல்ல மாஸ்க்தான். யாராவது நூறு ரூபாய் கொடுத்து வாங்கி ஒரு குழந்தைக்கு மாட்டிவிடுவார்கள். கட்டரை எடுத்து நெற்றியிலிருந்து தாடை வரை இரண்டாக வெட்டி, பிப்பையும் கிழித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
டிங்கர் ஷெட் உரிமையாளர்,
கொரட்டூர், சென்னை.