ஆறாவது அசை

அண்ணா,

அப்பா போய் நேற்றோடு ஒரு வருஷம். நீ வரவில்லை. ஏன் என்று உனக்கும் எனக்கும் தெரியும். அத்தை இதைப் படிப்பார், அதனால் அது வேண்டாம்.

சொல்ல வந்தது அந்தப் புத்தாண்டுச் சீட்டு விளையாட்டைப் பற்றி. ஜப்பானியப் பழம்பாட்டு நூறு; அப்பா ஒன்றை வாசிக்கத் தொடங்கியதும் அதன் பின்பாதி எழுதிய சீட்டைத் தரையிலிருந்து முதலில் தட்டிப் பறிக்க வேண்டும்.

அப்பா "கிமி கா தாமே" என்று இழுத்தார். நூறு பாட்டில் இரண்டு அப்படித் தொடங்கும். ஆறாவது அசை 'ஹ' என்றால் 15-வது பாட்டு, 'ஒ' என்றால் 50-வது. உன் பாட்டு. உன் பேர்கொண்ட பழைய கவிஞன் ஃபுஜிவாரா நோ யோஷிதகாவின் பாட்டு. நீ மூச்சை அடக்கிக் காத்திருந்தாய். 'ஒ' காதில் விழுந்ததும் கை பாய்ந்தது, சீட்டு பறந்து கதவில் இடித்தது. எடுத்துப் பார்த்தால், சட்டைக் கையில் பனி விழுகிற மற்ற பாட்டு. "பேர் மட்டும் இருந்து என்ன பிரயோஜனம், கேம் சென்டரில் பொத்தான் தட்டத்தான் லாயக்கு" என்றார் அப்பா, எல்லோர் முன்னாலும். நானும் சிரித்தேன்.

நீ தண்ணீர் குடிக்கப் போனபோது அந்த இரண்டு சீட்டையும் இடம் மாற்றி வைத்தவன் நான்தான். பதினோரு வயசு, விளையாட்டுக்குச் செய்தது. இல்லை, அந்தச் சீட்டை மட்டும் எல்லோரும் உனக்கு விட்டுக்கொடுத்தது பொறுக்கவில்லை. உன் காது தப்பவே இல்லை. மன்னித்துவிடு.

ஆனால் நீ செய்தது மட்டும் என்னவாம்? கொனாமி கம்பெனியின் வீடியோ விளையாட்டுகளுக்கு நடன இசை போடுகிற டிஜே யோஷிதகாவின் பேர்தான் உன் பேர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய். அவர் பேருக்கு எழுத்தே வேறு! "காதுக்கு ஒன்றுதானே" என்றாய். அப்பா அப்புறம் அந்தப் பாட்டை வாசிக்கவே இல்லை.

ஒரு நாள் கேம் சென்டர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஜூபீட் என்ற இசை விளையாட்டின் பதினாறு சதுரப் பொத்தானிலும் உன் விரல்கள், முதுகெல்லாம் வியர்வை, ஒரு தட்டுகூடப் பிந்தவில்லை. உள்ளே வந்திருக்கலாம்.

உன்னைச் சந்தித்த பின் நெடுநாள் வாழ ஆசை வந்தது என்று பாடிய அந்தக் கவிஞன் 974-ல் பெரியம்மையில் செத்தான். அதே நாள் காலையில் அவன் அண்ணன், சாயங்காலம் அவன். ராசியில்லாத பேர் என்பார் அத்தை. எனக்கென்னவோ அவர்கள் மேல் பொறாமைதான். இதை அழிக்கலாமா என்று யோசித்தேன், இருக்கட்டும்.

சீட்டுப் பெட்டியை உனக்கே அனுப்புகிறேன். தரையில் பரப்புகிற சீட்டில் 99-தான் இருக்கும். ஐம்பதாவது என்னிடம். வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள், தபாலில் வராது.