திங்கட்கிழமைத் தராசு

விருதுநகர்
5.10.2025, ஞாயிறு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வியாழக்கிழமை இரவு போனில் நீ பேசியது காதிலேயே நிற்கிறது, பாப்பா. "பதினான்கு கிலோ குறைத்தேன், பத்து கிலோ திரும்ப வந்துவிட்டது, எனக்கு மனக்கட்டுப்பாடே கிடையாது அப்பா" என்று சொல்லி அழுதாய். கடையில் ஆட்கள் நின்றார்கள், அன்றைய கணக்கும் முடியவில்லை. "விடும்மா, பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது ஒரு பதிலா? இன்று கடை அரைநாள்தான். சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது, கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, "என்ன, பழையபடி ஆகிவிட்டாயே" என்று உறவுக்காரர் ஒருவர் உன்னைக் கேட்டார். நீ சிரித்துக்கொண்டே அடுக்களைக்குள் போனாய். வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் வாய்திறக்காமல் இருந்துவிட்டேன். என் வீட்டில் என் மகளைப் பார்த்து அப்படிக் கேட்கக் கூடாது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது மாதமாக அது என் மனதில் கிடக்கிறது.

மனக்கட்டுப்பாடு இல்லாதவளா நீ? தம்பி கல்யாணத்துக்கு முன்னால் நான்கு மாதம், நாளுக்கு 900 கலோரி என்று யாரோ போட்டுக் கொடுத்த அட்டவணைப்படி, இரவில் வெள்ளரிக்காயும் மோரும் மட்டும் சாப்பிட்டு, கைக்குழந்தையையும் வேலையையும் பார்த்துக்கொண்டு ஓடியவள். அந்தப் பிடிவாதம் எனக்குக் கூட வராது. உன்னிடம் குறையில்லை, அந்த வழியில்தான் குறை. அந்த வழியில் நானும் ஒருமுறை போய்த் திரும்பியவன். அப்போது நீ கல்லூரி விடுதியில் இருந்தாய், முழுக் கதையும் உனக்குத் தெரியாது.

2015-ல் எனக்கு 52 வயது, 90 கிலோ. வெறும் வயிற்றில் சர்க்கரை 118 வந்தது. 100-க்கு மேல் போனாலே எச்சரிக்கை, 126-ஐத் தொட்டால் நீரிழிவு என்றார் டாக்டர். தாத்தாவின் கால் விரலை எடுத்த நாளில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவன் நான். பயந்துபோனேன். தெரிந்தவர் ஒருவர் ஒரு மாவு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். காலையும் இரவும் அதைக் கரைத்துக் குடித்தால் போதும் என்றார். குடித்தேன். மூன்றே மாதத்தில் 79 கிலோ. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். டப்பாவை நிறுத்தினேன். அடுத்த ஆண்டு முடிவதற்குள் 93 கிலோ. இறங்கிய 11-க்கு 14 ஏறியது. அந்த நாட்களில் கண்ணாடி முன் நிற்கவே பிடிக்காது. நீ சொன்ன அதே வார்த்தையைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

டாக்டரிடம் போய் நின்றபோது அவர் திட்டவில்லை. உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று பொறுமையாக விளக்கினார். வரவு திடீரென்று பாதியாகிப் போனால் கடைக்காரன் என்ன செய்வான், செலவைச் சுருக்குவான் அல்லவா? உடம்பும் அதையேதான் செய்கிறதாம். எரிப்பதைக் குறைத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது. அமெரிக்காவில் எடை குறைப்பதைத் தொலைக்காட்சிப் போட்டியாகவே நடத்தினார்கள். அதில் கலந்துகொண்ட 14 பேரைக் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளரின் குழு ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 போலக் குறைவாக இருந்தது. மெல்போர்னில் 50 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில், எடை குறைத்து ஓராண்டு ஆன பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. இரவு பதினொரு மணிக்கு உன்னை ஃபிரிட்ஜ் பக்கம் இழுத்தது எது என்று இப்போது புரிகிறதா? அதைக் குணக்கேடு என்று நினைத்து இனி உன்னை நீயே அடித்துக்கொள்ளாதே.

"அப்படியானால் குறைக்கவே முடியாதா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "முடியும். ஆனால் எழுபது வயதிலும் எதைச் செய்துகொண்டிருப்பீர்களோ அதை மட்டும் இன்று ஆரம்பியுங்கள்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் 2018 தை மாதம் மறுபடியும் தொடங்கினேன்.

எதில் தொடங்குவது என்று தெரியவில்லை. ஒருநாள் இரவு ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு, கடையில் நாள் முழுக்க நான் குடிக்கும் டீயைக் கணக்குப் போட்டேன். ஆறு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பன்னிரண்டு ஸ்பூனைத் தட்டில் கொட்டி நிறுத்தேன். 60 கிராம். காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிப் பார்த்தால் உள்ளங்கை நிறைய இருந்தது. மாதத்துக்கு 1 கிலோ 800. ஆண்டுக்கு ஏறக்குறைய 22 கிலோ. முப்பது ஆண்டுகளாகச் சர்க்கரையை நிறுத்துக் கொடுப்பவன், என் வயிற்றுக்குள் போவதை ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. கல்லாவில் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளே சர்க்கரையை விட்டுவிடவில்லை. இரண்டு ஸ்பூனை ஒன்றரையாக்கினேன். மாதம் ஒன்று போன பிறகு ஒன்று. பிறகு அரை. ஐந்தாவது மாதம் சர்க்கரை இல்லாத டீ நாக்குக்குப் பழகிவிட்டது. ஆறு டீ மூன்றானது. அவ்வளவு மெதுவாகப் போனதால்தான் உடம்பு என்னோடு சண்டைக்கு வரவில்லை என்று நினைக்கிறேன்.

எண்ணெய்க் கணக்கு அம்மாவுடையது. நாம் நான்கு பேருக்கு மாதம் 6 லிட்டர் ஆகிக்கொண்டிருந்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு நாளுக்கு 45 கிராம். 30 கிராமுக்குள் போதும் என்றார் டாக்டர். கேனைச் சாய்த்து ஊற்றுவதை அம்மா அன்றே நிறுத்தினாள். மாதம் பிறந்ததும் மூன்றரை லிட்டரைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்து, சின்னக் கரண்டியால் எடுத்துத் தாளித்தாள். முதல் மாதம் 24-ஆம் தேதியே தீர்ந்துவிட்டது. மூன்றாவது மாதம் கடைசிவரை வந்தது. என் உடம்பு இறங்கியதில் பாதிப் பங்கு அவளுக்கு. ஊரில் யாரும் அவளைப் பாராட்டியதில்லை, நீயாவது ஒருநாள் போனில் சொல்.

சோற்றை விடச் சொன்னால் என்னால் ஆகாது. ஆனால் நம் வீட்டில் குழம்புக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று மூன்று முறை சோறு போடுவோம் அல்லவா? இப்போது குழம்புக்கு மட்டும்தான் சோறு. ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடித்துவிடுவேன். இலையில் உட்கார்ந்ததும் முதலில் பொரியலும் சுண்டலும், அல்லது ஒரு முட்டை. அது பாதி வயிற்றை அடைத்துவிடும். ராத்திரி பத்து மணிக்குக் கடையடைத்துவிட்டு எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடப் போவதை நிறுத்தி, ஏழே முக்காலுக்கே தூக்குச் சட்டியில் வரும் இட்லியைக் கடையிலேயே சாப்பிட்டுவிடுகிறேன். பரோட்டாவைத் தலைமுழுகவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை தம்பியோடு போய் இரண்டு சாப்பிடுவேன். மனநிறைவோடு சாப்பிடுவேன்.

நடை காலை ஐந்தே முக்காலுக்கு, ரயில் நிலையம்வரை போய்த் திரும்ப 45 நிமிடம். அதில் எரிவது 200 கலோரி போலத்தான், ஒரு பரோட்டாவுக்கே காணாது. எடையை இறக்குவது பெரும்பாலும் தட்டுதான். ஆனால் இறங்கியதைப் பிடித்து வைத்திருப்பது நடை என்பதை ஏழு ஆண்டுகளில் கண்டுகொண்டேன். இதை நான் மட்டும் சொல்லவில்லை. ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இருவர் 1994-ல் அமெரிக்காவில் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 13.6 கிலோவாவது குறைத்து, ஓராண்டுக்கு மேல் அதைக் காத்தவர்கள் மட்டும் அதில் சேரலாம். பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். குறைத்த வழி ஆளுக்கு ஒன்று. ஆனால் பத்தில் ஒன்பது பேர் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடம்பை அசைத்தார்கள், நான்கில் மூன்று பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்த்தார்கள்.

அதனால்தான் எனக்குத் திங்கட்கிழமைப் பழக்கம் வந்தது. கடை திறந்ததும், மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பேன். வந்த எடையைக் கடைக் காலண்டரின் அந்தத் தேதியில் எழுதுவேன். 93-லிருந்து 76-க்கு வர 20 மாதம் ஆனது. மாதத்துக்கு ஒரு கிலோகூட இல்லை. சில மாதம் எண் நகரவே நகராது. ஆனாலும் 17 கிலோ, ஒரு முழு 15 கிலோ எண்ணெய் டின்னுக்கும் மேலே. 2020-ல் ஊரடங்கில் நடை நின்றுபோய் 80-க்கு ஏறினேன். அப்போது பயப்படவில்லை. நடையும் ஒற்றைச் சோறும் மறுபடி வந்ததும் ஐந்து மாதத்தில் இறங்கியது. 78 என்று காலண்டரில் எழுத நேர்ந்தால் உடனே முந்தைய வாரத்தைத் திரும்பிப் பார்ப்பேன். கல்யாண வீடா, தூக்கம் கெட்டதா, டீ கூடியதா என்று. இரண்டு கிலோவைத் திருப்பிவிடலாம். பத்து கிலோ ஆகும்வரை பார்க்காமல் இருந்தால்தான் மலைப்பு.

இனி உன் விஷயம். என் பழக்கம் உனக்கு அப்படியே பொருந்தாது. உனக்குக் குழந்தை இருக்கிறது, இரவு வேலை இருக்கிறது. நீ தூங்குவதே ஐந்து மணி நேரம். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும். அதனால் உணவை எண்ணுவதற்கு முன் தூக்கத்தைச் சரிசெய். வாரத்தில் மூன்று இரவாவது குட்டியை மாப்பிள்ளை தூங்க வைக்கட்டும், நீ கேட்கத் தயங்கினால் நான் பேசுகிறேன். போன தடவை நீ வந்திருந்தபோது ஒன்று கவனித்தேன். குட்டி மிச்சம் வைக்கிற தோசை, பருப்புச் சோறு எல்லாம் உன் வாய்க்குப் போகிறது. வீணாக்கக் கூடாது என்று வளர்த்தது நாங்கள்தான். அவளுக்குப் பாதி அளவு வை, கேட்டால் மறுபடி வை. இந்த மாதத்துக்கு இது ஒன்று போதும். 900 கலோரி அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிடு. வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். பருப்பு, பயறு, முட்டை ஒருவேளையும் தப்ப வேண்டாம்.

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாய். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சிலருக்கு அது வேண்டியதுதான். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், கடையில் நீயாக வாங்காதே. ஆனால் செமாகுளுடைட் என்ற அந்த மருந்து ஊசியை நிறுத்தியவர்கள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. ஊசி போட்டாலும் தட்டும் நடையும் உனக்கு வேண்டும்.

இன்னொன்று. டாக்டர் ராமச்சந்திரன் குழு நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்துச் சென்னையிலிருந்து நடத்திய ஆய்வு 2006-ல் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் எடை பெரிதாக இறங்கவே இல்லை, பாப்பா. தராசு அசையாத மாதத்திலும் உள்ளே நல்லது நடந்துகொண்டிருக்கிறது. தாத்தாவின் பேத்தி நீ. எனக்கு உன் சட்டை அளவைப் பற்றிக் கவலையில்லை, உன் கால்களைப் பற்றித்தான் கவலை.

தீபாவளிக்கு வர முடியாது என்றாய். புதன்கிழமை பார்சல் அனுப்புகிறேன். கறுப்புக் கொண்டைக்கடலை 2 கிலோ, பாசிப்பயறு 2 கிலோ, வறுக்காத வேர்க்கடலை 1 கிலோ. சாத்தூர்ச் சேவு அரைக் கிலோ வைக்கச் சொன்னாள் அம்மா. வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி கடையடைத்த பிறகு, அதை 50 கிராம் 50 கிராமாகப் பிரித்துப் பத்துப் பொட்டலமாகக் கட்டினேன். நூல் கட்டு இறுக்கமாக இருக்கும், கத்தரிக்கோலால் வெட்டிப் பிரி.

அன்புடன்,
அப்பா