கையெழுத்துப் போடாதே, முருகேசா

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள முருகேசனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடப்பதையும், உன்னிடம் விலகல் கடிதம் கேட்பதையும் சாந்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கபடிக் குழுவில் எவனுக்கு அடிபட்டாலும் முதலில் ஓடிவரும் நீ, உனக்கு அடிபட்டால் மட்டும் வாயைத் திறக்கமாட்டாய் என்பது ஐ.டி.ஐ. காலத்திலிருந்தே எங்களுக்குத் தெரியும்; ஆனால் இந்த முறை உன்னை அப்படி விடுவதாக இல்லை.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதே. "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், சட்டத்தின் பார்வையில் உன்னை யாரும் அனுப்பவில்லை, நீயாகவே போய்விட்டாய் என்றாகிவிடும். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். அதோடு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். உன் 8 ஆண்டுகளுக்கு அது 120 நாள் ஊதியம். கையெழுத்திட்டால் ஒரு மாதச் சம்பளம் தருவதாக அவர்கள் அவசரப்படுத்துவது இந்தக் கணக்கை வைத்துத்தான். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, இதில் சேராது. 5 ஆண்டு முடித்தவனுக்கு அது தனியாக வந்தாக வேண்டும்.

அடுத்தது, நம் சம்பளத்தில் பிடிக்கும் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. மருந்து வாங்க மட்டும்தான் அது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேலையிழந்தவர்களுக்காக 2018 ஜூலையில் தொடங்கி, அவ்வப்போது நீட்டித்துவரும் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில், சராசரி நாள் ஊதியத்தில் பாதியை 90 நாள் வரை தருகிறார்கள். உன் நாள் ஊதியம் 600 ரூபாய் என்றால் மொத்தம் 27,000. வாழ்நாளில் ஒரே முறைதான் கிடைக்கும்; ஒழுங்கு நடவடிக்கையாலோ விருப்ப ஓய்வாலோ வேலை போயிருந்தால் கிடைக்காது. அந்தக் கடிதம் இங்கேயும் உனக்குக் குறுக்கே நிற்கக்கூடும்.

பி.எப். பணத்தில் அவசரத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொள். ஓய்வூதியப் பங்கை மட்டும் தொடாதே. 10 ஆண்டு சேவை இருந்தால்தான் மாத ஓய்வூதியம் உண்டு. இப்போது எடுத்துவிட்டால் இந்த 8 ஆண்டும் கணக்கில் வராது.

நீ பத்து வட்டிக்குக் கடன் கேட்டிருப்பதாகச் சாந்தி சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் வீட்டு வாசலில் வந்து நிற்பவனைச் சட்டம் உடனே வந்து விலக்கிவிடாது. நாங்கள் எதற்கு இருக்கிறோம்? நேற்று பழனிச்சாமி அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடினோம். இந்த மாதச் சீட்டை ஏலத் தள்ளுபடி இல்லாமல் முழுத் தொகையாக உனக்கே கொடுப்பதென்றும், உனக்கு வேலை கிடைக்கும்வரை உன் தவணையை நாங்கள் பங்கிட்டுக் கட்டுவதென்றும் முடிவாகியிருக்கிறது. கணக்கில் கறாரான நம் துரையே முதலில் சரி என்றான். இதை மறுத்துப் பேசாதே. மில் மூடியபோது என் மகளின் பள்ளிக் கட்டணத்தை என்னிடம் கேட்காமலே கட்டிவிட்டு வந்தவன் நீ.

புதன்கிழமை ஓசூர் வருகிறேன். இ.எஸ்.ஐ. அட்டை, ஆதார், வங்கிப் பாஸ்புக், பணி நியமனக் கடிதம், கிடைத்தவரை சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து வை. முதலில் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் போவோம், பிறகு தொழிலாளர் துறை அலுவலகம். அதற்குள் நிர்வாகம் அழைத்தால், யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடு.

அன்புடன்,
ரங்கன்