பொருள்: தப்பான பங்கேற்பாளர் கையேடு, திரும்பி வராத கட்டணம் (ஐந்தாவது மடல்)

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்தைப் பற்றி நான் எழுதும் ஐந்தாவது மடல் இது. முதல் நான்குக்கும் "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று மடலுக்கொரு எண் வந்தது, அதோடு சரி. அந்த எண்களை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. உங்களிடமே இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

மாநாட்டுக்கு மூன்று நாள் முன்பு நீங்கள் அனுப்பிய கையேட்டின் 7-ஆம் பக்கத்தைத் தயவுசெய்து திறந்து வைத்துக்கொள்ளுங்கள். "பேட்ஜ் வழங்குமிடம்: மேற்கு வாசல், காலை 7:30 முதல்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். 7:40-க்கு நான் மேற்கு வாசலில் நின்றேன், கையில் சாம்பிள் அடைத்த பெட்டியோடு. அங்கே இருந்தது இழுத்து மூடிய ஷட்டர், ஒரு காவலாளி, அப்புறம் என்னைப் போலவே அதே பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு முழித்த பத்துப் பன்னிரண்டு பேர். "இது ஸ்டால் சாமான் இறக்குற வாசல்மா, ஆளுங்க இந்தப் பக்கம் வரமாட்டாங்க" என்றார் காவலாளி. அன்று முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே சரியான தகவல் அவர் சொன்னதுதான், அவர் உங்கள் ஆளும் இல்லை.

உதவி எண்ணுக்கு அழைத்தேன். 19 நிமிடம் இசை கேட்டேன். பிறகு எடுத்தவர், நான் சொல்லி முடிப்பதற்குள், "மேடம், எல்லாமே கையேட்டில இருக்கு, படிச்சிட்டுக் கூப்பிடுங்க" என்றார். படித்துவிட்டுத்தான் நிற்கிறேன் என்று 7-ஆம் பக்கத்தை அவருக்கு வாசித்தே காட்டினேன். "அப்போ அங்கதான் இருக்கும், நல்லாத் தேடிப் பாருங்க மேடம்." வாசலைத் தேட வேண்டுமாம்! நான் என்ன மூக்குக் கண்ணாடியையா தொலைத்துவிட்டு நிற்கிறேன்? பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை. "வேற ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார். அழைப்புகளைப் பதிவு செய்வதாக உங்கள் இயந்திரக் குரல் ஒவ்வொரு முறையும் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்து நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று நீங்கள் எழுதிய ஷட்டில் பேருந்து அரை மணிக்கு ஒன்றாக வந்தது. அதில் ஏறிக் கிழக்கு வாசலுக்குப் போய், வரிசையில் நின்று, பேட்ஜை வாங்கிக் கழுத்தில் மாட்டினால், "இவ்வளவு பெரிய பெட்டியோட உள்ள விட மாட்டோம், பெட்டி வைக்கிற அறையில வெச்சிட்டு வாங்க" என்றார்கள். அறை எங்கே என்று கேட்டேன். மேற்குப் பக்கம்! நான் கிளம்பி வந்த அதே ஷட்டருக்கு இரண்டு கதவு தள்ளி. பெட்டி அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு என்று 22 பக்கத்தில் ஒரு வரி கிடையாது, ஸ்பான்சர் விளம்பரத்துக்கு மட்டும் 14 பக்கம் இருக்கிறது. இந்த முறை பேருந்துக்குக் காத்திருக்காமல் நடந்தே போனேன். பாதி வழியில் பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்று உருண்டு போனது, மிச்ச தூரத்துக்கு அதைத் தரையில் தேய்த்தே இழுத்தேன்.

11:20-க்கு உங்கள் செயலி மூலமாகவே குறித்துக் கொடுத்த சந்திப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது 11:50. சந்திப்புக்கு ஒதுக்குவதே இருபது நிமிடம், இது உங்களுக்குத் தெரியாதா? நான் சந்திக்க வேண்டியவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார், பிறகு என் செய்திக்கும் பதில் இல்லை. அந்த ஒரு ஆர்டர் கிடைத்திருந்தால் என் அடுத்த பத்து வருஷத்துக்கும் கவலை இல்லை. அதை எனக்கு இல்லாமல் செய்தது உங்கள் 7-ஆம் பக்கம்.

இதற்கும் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். "பவர் பேங்க், சார்ஜர் போன்றவற்றைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள், கைப்பை இலகுவாக இருக்கும்" என்று உங்கள் பயணக் குறிப்பில் எழுதியது யார்? விமானத்தில் பவர் பேங்கைச் சரக்கோடு அனுப்பவே கூடாது, கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும், பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை என்றால் தனி அனுமதிகூடத் தேவையில்லை. என்னுடையது 20,000 எம்ஏஎச், அதாவது 74 வாட்-மணி, கையில் வைத்திருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் பேச்சைக் கேட்டதற்கு, விமான நிலையத்தில் என் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, பெட்டியைத் திறக்கச் சொல்லி, அத்தனை பேர் முன்னால் என் துணிமணிகளை வெளியே எடுத்தார்கள்.

உங்கள் ஊழியர்கள் எல்லோரையும் குறை சொல்லவில்லை. பேட்ஜ் மேசையில் இருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் அவர் கொடுத்த பேட்ஜில் பெரிய எழுத்தில் என் அப்பா பெயர் இருந்தது, என் பெயர் கீழே பொடி எழுத்தில். படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் உங்கள் தளம் நகர விடாது, என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பா பெயர், வேறு எதைப் போடுவேன்? இரண்டு நாளும் எல்லோரும் என்னை அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். அதுவும் பேட்ஜ் நேராகத் தொங்கியபோதுதான். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து ஒற்றைக் கொக்கியில் மாட்டினால் அது திரும்பிக்கொண்டு வெள்ளை முதுகைத்தான் காட்டும். இரண்டு பக்கமும் அச்சடிப்பது அவ்வளவு பெரிய செலவா?

சரி, மறுநாளாவது உருப்படியாகப் போகட்டும் என்று நினைத்தேன். செயலியில் 3 மணி என்று இருந்த அமர்வுக்குப் போனால் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஊரிலிருந்தே குறித்து வைத்ததால் செயலி என் ஊர் நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. எந்த ஊர் நேரம் என்று பக்கத்தில் ஒரு சொல் போட்டிருக்கலாம். இதைக் கேட்க உதவி எண்ணை அழைத்தால் மறுபடியும் அதே ஆள், அதே குரல்: "கையேட்டைப் பார்த்தீங்களா மேடம்?"

உங்களால் இதைச் சரிசெய்ய முடியும் என்று இன்னும் நம்புகிறேன், அதனால்தான் மரியாதையாகவே கேட்கிறேன். நுழைவுக் கட்டணம் முழுதும் திரும்ப வேண்டும். பெட்டிக்கான விலை வேண்டும். "நல்லாத் தேடிப் பாருங்க" என்ற அந்த நபர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இது எனக்குப் பணத்தைவிட முக்கியம். அடுத்த மாநாட்டுக்குப் பாதிக் கட்டணச் சலுகை தருவதாக மூன்றாவது மடலுக்குப் பிறகு ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் கார்டு கொடுத்த வங்கியில் அந்தத் தொகையை மறுத்துப் புகார் கொடுப்பேன், நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போவேன், உங்கள் ஸ்பான்சர்கள் ஒவ்வொருவருக்கும் இந்த மடலின் நகல் போகும். அவர்கள் முகவரியைத் தேட வேண்டியதில்லை, 14 பக்கத்தில் கொடுத்திருக்கிறீர்கள்.

கையேடு, பேட்ஜின் இரண்டு பக்கப் படம், மூடிய ஷட்டரின் படம் (நேரம் பதிவாகியிருக்கிறது), சக்கரம் இல்லாத பெட்டியின் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பேட்ஜில் பொடி எழுத்தில் இருந்தவர்

பி.கு.: இதை எழுதி முடிக்கும்போது அடுத்த மாநாட்டுக்கான உங்கள் முன்பதிவு மடல் வந்தது. மாதிரிக் கையேடும் கூடவே இருந்தது. 7-ஆம் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். மேற்கு வாசல், காலை 7:30 முதல்.